கவுன்டி மானியப் பட்டியலில் சிகாகோ முகவரிகள் ஏன் இருக்கின்றன?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய ஊருக்கு வேலைக்காகக் குடிவந்திருக்கிறீர்கள். உங்கள் கவுன்டியில் அரசின் விவசாய மானியம் யாருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். சில பெயர்களுக்குச் சிகாகோ முகவரி இருக்கிறது. பக்கத்துக் கவுன்டியிலும் இதே மக்காச்சோளமும் சோயாவும்தான் விளைகின்றன, ஆனால் ஒரு வருடம் அங்கே பல மடங்கு பணம் போயிருக்கிறது. சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி விற்கும் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் பெயரோ எந்த வருடத்திலும் இல்லை. 'இது ஊழலா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா?' என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, இந்தப் பணம் எதைப் பார்த்து ஒருவரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான். பாடுபடுவதையும் தேவையையும் பார்த்துப் போகிறது என்று நினைத்தால் அந்தப் பட்டியல் குழப்பமாகத்தான் தெரியும். பெரும்பாலான பணம் நிலத்தின் பழைய பதிவைப் பார்த்துப் போகிறது.

நான் வேளாண் பொருளாதாரம் படித்தவன். பல வருடங்களாக மத்திய மேற்கு மாநிலங்களில் பண்ணைகளின் கணக்கு வழக்குகளைப் பார்த்து வருகிறேன். எனக்குக் கைப்பழக்கம் உள்ளது மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பகுதிதான். தெற்கின் பருத்தி, நெல் பகுதிகளைச் சட்டத்தையும் ஆய்வுகளையும் படித்து அறிந்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் இருக்கும் எந்தத் தனி மனிதரைப் பற்றியும் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர்களுடைய குத்தகைப் பத்திரம் என் கையில் இல்லை.

கதை 1933-ல் தொடங்குகிறது. விலை அதலபாதாளத்தில் கிடந்த அந்த வருடம், விளைச்சலைக் குறைக்கும் விவசாயிக்குப் பணம் தரும் சட்டம் வந்தது. அதற்கான பணம் தானியத்தையும் பருத்தியையும் பதப்படுத்தும் ஆலைகள் மீது போட்ட வரியிலிருந்து வந்தது. அந்த ஏற்பாடு செல்லாது என்று 1936-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வேறு வடிவில் தொடர்ந்தது. காசோலை யார் பெயரில் வரவேண்டும் என்ற சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. தெற்கில் பருத்திப் பரப்பைக் குறைப்பதற்கான பணம் பெரும்பாலும் நில உடைமையாளரின் கைக்குப் போனது. விளைச்சலில் ஒரு பங்குக்காக நிலத்தில் பாடுபட்ட வாரக் குடியானவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை, பலர் நிலத்தைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். 1934-ல் ஆர்கன்சாவின் டைரோன்சாவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இன்று நீங்கள் பார்க்கும் பணத்தின் அடிப்படை, 'பேஸ் ஏக்கர்' என்ற பதிவு. ஒரு நிலத்தில் முன்பு எத்தனை ஏக்கரில் மக்காச்சோளம், எத்தனை ஏக்கரில் கோதுமை, எத்தனை ஏக்கரில் சோயா இருந்தது என்பதை வைத்து அந்த நிலத்துக்கு ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. 2002 சட்டமும் 2014 சட்டமும் அதைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தன. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறது. இந்தக் கணக்கு ஆளோடு போவதில்லை, நிலத்தோடு போகிறது. நிலத்தை விற்றால் வாங்கியவருக்குச் சேரும். மக்காச்சோளக் கணக்கு உள்ள நிலத்தில் இந்த வருடம் முழுக்க சோயா போட்டாலும், மக்காச்சோள விலை விழுந்தால் மக்காச்சோளத்துக்கான பணம் வரும்.

ஏன் இப்படி விநோதமாக வைத்தார்கள் என்றால், அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. இன்ன பயிர் போட்டால்தான் பணம் என்று சொன்னால் எல்லோரும் அதையே போட்டு விலையை இன்னும் கெடுப்பார்கள். உலக வர்த்தக ஒப்பந்தத்திலும் அது சிக்கல். அதனால் 1996 சட்டம் பணத்தை இன்றைய விதைப்பிலிருந்து பிரித்துவிட்டது. அதன் விளைவு அடுத்த பத்து வருடத்தில் தெரிந்தது. டெக்சாஸின் எல் காம்போ பக்கம் பழைய நெல் வயல்களில் வீட்டு மனைகள் வந்துவிட்டன, ஆனாலும் வீட்டின் பின்புறத்து நிலத்துக்கு நெல்லுக்கான பணம் வந்துகொண்டிருந்தது. விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000-க்குப் பிறகு குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கணக்கெடுத்து எழுதியது. விலை என்னவாக இருந்தாலும் ஆண்டுதோறும் 500 கோடி டாலர் அளவுக்குத் தந்துவந்த அந்த நேரடிப் பணத்தை 2014 சட்டம் நிறுத்தியது. நிறுத்தியதே சரி என்று நினைக்கிறேன். ஆனால் பேஸ் ஏக்கர் கணக்கு மட்டும் அப்படியே புதிய திட்டங்களின் அடித்தளமாகத் தங்கிவிட்டது.

இப்போது சிகாகோ முகவரிக்கு வருவோம். அயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் ஓடுகிறது. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு 65 வயதைக் கடந்தவர்களின் கையில் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் சிகாகோவிலோ மினியாபொலிஸிலோ இருக்கிறார்கள். நிலம் கைமாறும்போது முகவரியும் மாறுகிறது. பணக் குத்தகை என்றால், சட்டப்படி விலை, வருவாய்த் திட்டங்களின் பணம் முழுவதும் உழுகிறவருக்குத்தான். உடைமையாளர் அதைத் தொட முடியாது. வாரக் குத்தகை என்றால், விளைச்சலைப் பிரிக்கும் அதே விகிதத்தில் மானியமும் பிரியும். விளைச்சலின் நட்டத்தில் பங்கெடுக்கும் உடைமையாளர் நேரில் வந்து வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆக, சிகாகோவில் இருந்துகொண்டே வாரப் பங்கு வாங்குகிறவரின் பெயர் சட்டப்படியே பட்டியலில் வரும்.

இன்னொரு வழியும் உண்டு. சிஆர்பி எனப்படும் நிலப் பாதுகாப்புத் திட்டம் 1985-ல் வந்தது. மண் அரிக்கும் நிலத்தை, ஓடைக்கரையை, 10 முதல் 15 வருடம் வரை உழாமல் புல்லோ மரமோ வளர்த்து விட்டால் அரசு ஆண்டு வாடகை தருகிறது. இதற்கு உழுகிறவர் தேவையே இல்லை. ஒப்பந்தம் உடைமையாளர் பெயரிலேயே இருக்கலாம். உங்கள் பட்டியலில் வருடா வருடம் ஏறாமல் இறங்காமல் ஒரே தொகை ஒரு வெளியூர் முகவரிக்குப் போயிருந்தால், முதலில் இதைத்தான் நினைப்பேன். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. பொதுவாக ஒரு கவுன்டியின் விளைநிலத்தில் கால் பங்குக்கு மேல் இதில் சேரக் கூடாது. நிலமெல்லாம் தரிசானால் விதைக் கடைக்காரர், எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்கு, டிராக்டர் மெக்கானிக் எல்லோருடைய பிழைப்பும் போய்விடும் என்று யோசித்து வைத்த விதி அது.

பக்கத்துக் கவுன்டியின் கேள்விதான் எனக்கு இதில் மிகவும் சுவாரசியமானது, ஏனென்றால் அங்கே கவுன்டி எல்லைக்கோடே பணத்தைத் தீர்மானிக்கிறது. 2014 சட்டம் விவசாயிக்கு இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஒன்று பிஎல்சி: நாட்டின் சராசரி விலை, சட்டத்தில் எழுதிய ஆதார விலைக்குக் கீழே போனால் பணம். மற்றது ஏஆர்சி: கவுன்டியின் ஏக்கர் வருவாய், கடந்த ஐந்து வருடச் சராசரி வருவாயில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம். மக்காச்சோளம், சோயா நிலங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இரண்டாவதையே எடுத்தார்கள். அதில் உங்கள் வயலின் விளைச்சல் கணக்கே இல்லை. கவுன்டியின் சராசரி விளைச்சல்தான் கணக்கு.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் உண்மையானவை, விளைச்சல் நான் எடுத்துக்கொண்டது. 2014-ல் மக்காச்சோளத்தின் சராசரி அடிப்படை விலை புஷலுக்கு 5.29 டாலர், அந்த வருடம் சந்தையில் வந்தது 3.70. புஷல் என்பது சுமார் 25 கிலோ. இரண்டு கவுன்டிகளிலும் வழக்கமான விளைச்சல் ஏக்கருக்கு 180 புஷல் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வருவாய் 952 டாலர், அதில் 86 சதவீதம் 819. முதல் கவுன்டியில் வழக்கம்போல 180 புஷல் விளைந்தால் வருவாய் 666. குறைவது 153 டாலர். ஆனால் அடிப்படை வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள், அதாவது 95 டாலர். அதையும் பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்கே தருவார்கள் என்பதால் ஏக்கருக்குச் சுமார் 81 டாலர். பக்கத்துக் கவுன்டியில் நல்ல மழை பெய்து 215 புஷல் விளைந்திருந்தால் வருவாய் 795 ஆகிவிடும். குறைவது 23 மட்டும். கைக்கு வருவது 20 டாலர். 222 புஷல் விளைந்திருந்தால் ஒரு காசும் இல்லை. எல்லைச் சாலையின் இரு பக்கமும் ஒரே மாதிரி விளைந்த இரண்டு வயல்களுக்கு, ஒன்றுக்கு 81, மற்றதற்கு 20 என்று வந்தால் இருவருக்கும் எப்படி இருக்கும்! அந்த வருடங்களில் கணக்குப் பார்க்க வந்தவர்களிடம் நான் அதிகம் விளக்கியது இதைத்தான். நிலம் ஒரு கவுன்டியில் இருக்க, கோப்பு வேறு கவுன்டி அலுவலகத்தில் இருந்தால் அலுவலகம் இருக்கும் கவுன்டியின் கணக்கையே போட்டார்கள். 2018 சட்டம் அதைத் திருத்தி, நிலம் எங்கே இருக்கிறதோ அந்தக் கவுன்டியின் கணக்கு என்று ஆக்கியது. 2025 சட்டத்தில் 86 சதவீதம் 90 ஆகவும், 10 சதவீத உச்சவரம்பு 12 ஆகவும் உயர்ந்திருக்கிறது.

நீங்கள் பார்த்த வருடம் 2019 என்றால் காரணம் வேறு. சீனாவுடன் நடந்த வரிச் சண்டையால் ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடாக 2018-லும் 2019-லும் தனியாகப் பணம் கொடுத்தார்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 2,300 கோடி டாலர். முதல் வருடம் விளைந்த புஷல் கணக்கில் தந்தார்கள்: சோயாவுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு வெறும் 1 சென்ட். இரண்டாம் வருடம் ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரே ஏக்கர் தொகை என்று நிர்ணயித்தார்கள். அது 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை போனது. அந்தக் கவுன்டியில் முன்பு என்னென்ன பயிர் எவ்வளவு விளைந்தது என்ற கலவையை வைத்துக் கணக்கிட்டதால், பருத்தி அதிகமுள்ள தெற்குக் கவுன்டிகளுக்கு உயர்ந்த தொகை போனது.

பட்டியலில் இருக்கும் வருடத்தையும் கவனியுங்கள். ஏஆர்சி, பிஎல்சி பணம் அறுவடை முடிந்து அடுத்த வருடம் அக்டோபருக்குப் பிறகுதான் வரும். 2014 விளைச்சலுக்கான பணம் 2015-ல் விழுந்திருக்கும். அந்த வருடம் மழை எப்படி என்று ஊரில் விசாரித்தால் ஒரு வருடம் தள்ளி விசாரிப்பீர்கள்.

பெரிய தொகைகளைப் பார்த்து நீங்கள் அதிர்ந்ததும் நியாயமே. விலை, வருவாய்த் திட்டங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்ற உச்சவரம்பு நீண்ட நாள் இருந்தது. 2025 சட்டம் அதை 1,55,000 ஆக்கியிருக்கிறது. ஆனால் ஒரு பண்ணையைக் கூட்டாக நடத்தினால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி வரம்பு. கணவன், மனைவிக்கும் தனித்தனி. குடும்பம் என்பதில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையும் அண்ணன், தம்பி பிள்ளைகளையும் 2018-ல் சேர்த்தார்கள். பணம் ஏக்கரைப் பொறுத்து வருவதால் ஏக்கர் அதிகம் உள்ளவரிடமே குவிகிறது. 1995 முதலான பணத்தைக் கவுன்டி வாரியாகப் பட்டியலிட்டு வெளியிடும் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பின் கணக்குப்படி, பயிர்த் திட்டப் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் முதல் பத்து சதவீதத்தினரிடம் போயிருக்கிறது. சில பெயர்கள் மட்டும் ஏமாற்றும். நாட்டிலேயே அதிகம் வாங்கிய பெயர்களில் முதலில் நின்றது ஆர்கன்சாவின் ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ். அது ஆயிரக்கணக்கான நெல் விவசாயிகளின் கூட்டுறவு. பணம் அதன் வழியே உறுப்பினர்களுக்குப் பிரிந்து போனது.

இதைவிட முக்கியமான ஒன்று அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அது பயிர்க் காப்பீடு. விவசாயி கட்ட வேண்டிய பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. 2022-ல் அந்தப் பங்கு மட்டும் 1,100 கோடி டாலருக்கு மேல். இதற்கு ஆள் ஒன்றுக்கு உச்சவரம்பு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்ற பெயர் விவரத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. கவுன்டி மொத்தமாக மட்டும் பார்க்கலாம். உங்கள் பகுதியில் மக்காச்சோளம், சோயா போடும் பெரும்பாலோர் இதில் இருப்பார்கள். ஆகவே உங்கள் பட்டியலின் கூட்டுத்தொகையை 'எங்கள் கவுன்டிக்கு அரசு தரும் மொத்தப் பணம்' என்று எங்காவது எழுதினால் அது தவறான கணக்கு. பெயர் விவரம் மறைக்கப்படுவது எனக்கு உடன்பாடில்லை. வரிப்பணத்தில் ஒரு வகைக்கு வெளிச்சமும் இன்னொரு வகைக்குத் திரையும் போடுவதற்கு வலுவான காரணம் எதுவும் நான் கேட்டதில்லை.

இதுவரை சொன்னவை சட்டத்திலும் கணக்கிலும் இருப்பவை. காசோலையை வாங்கியவரிடமே அந்தப் பணம் தங்குகிறதா என்பதில் இந்த அளவு உறுதி கிடையாது. மானியம் வரும் என்று தெரிந்தால் நில உடைமையாளர் குத்தகையைக் கூட்டுவார். பணம் உழுகிறவர் பெயரில் வந்து உடைமையாளரின் பைக்குப் போகும். இது நடக்கிறது என்பதில் பொருளாதாரம் படித்தவர்களிடையே பெரிய சர்ச்சை இல்லை. எவ்வளவு என்பதில்தான் சர்ச்சை. டாலருக்குக் கால் பங்குதான் என்று சொல்லும் ஆய்வும் உண்டு, பெரும்பகுதி என்று சொல்லும் ஆய்வும் உண்டு. குத்தகை பல வருடம் மாறாமல் உறவுமுறைக்குள் ஓடும் இடங்களில் குறைவாகவும், ஏலம் போல விடும் இடங்களில் அதிகமாகவும் இருக்கும் என்பது நான் பார்த்த வரையிலான கணிப்பு. அதேபோல, மானியம்தான் சிறு பண்ணைகளை அழித்து ஊரைக் காலியாக்கியது என்று அடித்துச் சொல்கிறார்கள். பெரிய இயந்திரங்களும் மானியமும் சேர்ந்தே இந்த வேலையைச் செய்தன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து இவ்வளவு என்று சொல்வது கடினம்.

ஊழலா என்றால், பொய்யான கூட்டாளிகளைக் காட்டி வரம்பைத் தாண்டியவர்கள் பிடிபட்டது உண்டு. ஆனால் உங்களைத் திகைக்க வைத்த மூன்றுமே சட்டப்படி நடக்கக் கூடியவை. எனக்கு அதைவிடப் பெரிய அநியாயமாகத் தெரிவது வேறு. இந்தத் திட்டங்களை நடத்தும், எஃப்எஸ்ஏ எனப்படும் விவசாயத் துறைப் பிரிவின் கவுன்டி அலுவலகத்தோடு, விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் ஒரு குழு உண்டு. உள்ளூர் விஷயம் உள்ளூர்க்காரருக்கே தெரியும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்தது. ஆனால் தெற்கில் பல பத்தாண்டுகள் அந்த அமைப்பு வெள்ளையர் கையில் இருந்தது. கறுப்பின விவசாயிகளின் கடன் விண்ணப்பங்கள் தாமதமாயின, மறுக்கப்பட்டன, விதைக்கும் பருவம் போனது, நிலமும் போனது. கறுப்பின விவசாயிகள் விவசாயத் துறை மீது தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில் 1999-ல் வந்த சமரசத்தில் சுமார் 100 கோடி டாலரும், 2010-ல் 125 கோடி டாலரும் ஈடாக ஒதுக்கப்பட்டன. பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கென்று 2024-லும் 43,000-க்கு மேற்பட்டோருக்குச் சுமார் 200 கோடி டாலர் போனது. போன நிலம் திரும்பவில்லை.

கடைசியாக, உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி. பயிர்த் திட்டங்கள் தானியம், எண்ணெய் வித்து, பருத்தி, நிலக்கடலை போன்றவற்றுக்கானவை. தக்காளியும் கீரையும் அதில் இல்லை. அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு வழிகள் உண்டு. எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் நிலத்தைப் பதிந்து ஒரு பண்ணை எண் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சொந்த நிலமென்றால் பத்திரம், குத்தகை என்றால் குத்தகைத் தாள், அடையாளச் சான்று இருந்தால் போதும். காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கு என்ஏபி என்ற திட்டம் இருக்கிறது; அடிப்படை நிலையில் விளைச்சல் பாதிக்குக் கீழே போனால், சந்தை விலையில் 55 சதவீதக் கணக்கில் ஈடு கிடைக்கும். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர், வருமானம் குறைந்தவர், முன்னாள் ராணுவத்தினர் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பயிருக்கும் விதைப்புக்கு முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும், அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. 50,000 டாலர் வரை எளிய விண்ணப்பத்தில் குறுங்கடன் உண்டு. பெரும்பாலும் அதே கட்டடத்தில் இருக்கும், என்ஆர்சிஎஸ் எனப்படும் இயற்கை வளப் பாதுகாப்பு அலுவலகத்தில், பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில் அமைக்க உதவி கேட்கலாம். அப்புறம், அலுவலகத்தில் அவருடைய பண்ணை பதிவாகிவிட்டால் கவுன்டி குழுத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் தகுதி கிடைக்கும். அவருடைய பகுதிக்குத் தேர்தல் வரும் வருடத்தில் வாக்குச்சீட்டு வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் தபாலில் வரும். டிசம்பர் தொடக்கத்துக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.